காற்று நின்றால் கேட்கும் குரல்

அத்தியாயம் 9

கொடிக்கயிற்றில் கட்டியிருந்த சிவப்புத் துணி அன்று காலை அசையவே இல்லை.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தலையை வாரி முடிந்து, துவைத்த சால்வை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்றால் ஒரு பெண் என்னென்ன செய்வாளோ, அதையெல்லாம் செய்தாள்.

"காத்து செத்துப்போச்சு," என்றாள். குரலில் சந்தோஷம்.

மருமகள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வானத்தையும் பாரேன். சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல. இன்னைக்குக் கூப்பிட்டுடுவான்."

"யாரு அத்தை?"

"யாருன்னு கேக்கறா பாரு!"

மருமகள் டப்பாவைப் பையில் போட்டாள். யாரென்று அவளுக்குத் தெரியாதா? அந்த 'யார்' அவள் புருஷன்.

அந்த ஊருக்கு வெளிச்சம் வருவது மேட்டில் நிற்கும் காற்றாடிகளிலிருந்தும், சமவெளியில் விரித்துக்கிடக்கும் சூரியப் பலகைகளிலிருந்தும். காற்று விழுந்து, வெயிலும் மறைந்தால் எஞ்சின் கொட்டகை எழுந்துகொள்ளும். ஆறு எஞ்சின்கள். மாதக்கணக்கில் தூங்கும், கூப்பிட்டால் நிமிஷத்தில் ஓட வேண்டும். அதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்துக்கிடப்பது இந்தக் குடும்பத்தின் தொழில். 'உங்க வீட்டு ஆம்பளைங்களுக்குச் சும்மா இருக்கறதுக்கே சம்பளமாமே' என்று தெரு கேலி பேசும். பதினெட்டு வயதிலிருந்து கிரீஸில் குளித்தவன் மாமியாரின் மூத்த பிள்ளை, இவள் புருஷன், பெரியவன். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

எஞ்சின் ஓடுவதற்கு முன் கொட்டகையில் ஒரு குரல் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. வெறும் சங்கு ஊதினால் யாரும் நகர்வதில்லை. தொண்டை பெரிய ஆளைப் பேசச்சொல்லிப் பதிந்து வைத்தார்கள். தொண்டை பெரிய ஆள் பெரியவன்தான்.

"எஞ்சின் ஓடப்போகுது. தள்ளி நில்லுங்க. தள்ளி நில்லுங்க. தள்ளி நில்லுப்பா!"

அந்தக் கடைசி 'ப்பா'வில் ஓர் எரிச்சல் இருக்கும். சொன்ன பேச்சு கேட்காத எவனையோ பார்த்துச் சொல்வது மாதிரி. முதல் நாள் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

பதிந்த மூன்றாம் நாள் பெரியவன் இரண்டாம் எஞ்சின்மேல் சாய்ந்தபடி செத்துக்கிடந்தான். கையில் ஸ்பானர் இருந்தது. காதை வைத்து எஞ்சின் சத்தம் கேட்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நெஞ்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் குரல் மட்டும் இருந்தது. ஒலிபெருக்கிகள் ஊர்க்கோடி வரை கேட்கும். காற்று நிற்கும் நாளிலெல்லாம் அவன் அம்மா இந்த வீட்டு ஜன்னலில் வந்து நிற்பாள். 'தள்ளி நில்லுப்பா' என்று அவன் கத்தியதும், "நிக்கறேன்டா, நிக்கறேன்," என்று ஓரடி பின்னால் போவாள்.

ஊரே காற்று அடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும். அது செத்துப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன் அத்தை," என்றாள் மருமகள். சொல்ல வேண்டியது வேறு ஒன்று. அது வாய்வரை வந்து திரும்பிப் போனது.

*

தெருமுனையில் கொழுந்தன் பைக்கோடு நின்றான். கொட்டகையில் அவனுக்குப் பெயர் ஸ்பானர். அண்ணன் போனபிறகு வந்த பெயர். அண்ணன் கையிலிருந்து அதைப் பிரித்து எடுத்தவன் அவன்தான்.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

"நீ பெத்த பிள்ளைதானே, நீ சொல்றது."

"நான் சொன்னா அம்மா என் மூஞ்சியில கரண்டியால போடும்."

சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகப் பேட்டரிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். காற்று நிறைய அடிக்கும்போது நிரப்பிக்கொண்டு, அடிக்காதபோது ஊருக்குக் கொடுக்கும். சத்தம் கிடையாது, புகை கிடையாது, எச்சரிக்கையும் வேண்டாம். இன்றுதான் முதல் பரீட்சை. ஒரு முழுநாள் பேட்டரி தாங்கிவிட்டால், எஞ்சின்கள் ஓடும் நாளை விரல்விட்டு எண்ணலாம். பெரியவன் குரல் பதிந்த பெட்டியும் பழைய ஒயர்களும் இரும்புக்கடைக்குப் போகும். எப்போதாவது எஞ்சினை எடுத்தால், புது மிஷின் ஒன்று பேசும்.

பைக் கிளினிக்கைத் தாண்டும்போது மருமகள் முகத்தைத் திருப்பித் தெருவில் துப்பினாள். ஒரு வருஷமாக இதே வழக்கம்.

நெஞ்சு வலிக்கிறது என்று பெரியவன் சொன்னபோது, டாக்டரிடம் போகச்சொல்லி விரட்டியவள் அவள். வழியில் நழுவிவிடக்கூடாது என்று தம்பியையும் கூட அனுப்பினாள். இரண்டு பேரும் போய்விட்டு வந்தார்கள். 'வெறும் வாயுன்னு சொல்லிட்டார்' என்றான் பெரியவன். காரியம் முடிந்த மறுநாளே அவள் கிளினிக் வாசலில் போய் நின்று கத்தினாள். 'அந்தப் பேர்ல யாரும் இங்க வரவே இல்லையேம்மா' என்றார் டாக்டர். பொய்யும் சொல்கிறானே என்று கண்ணாடிக் கதவைச் செருப்பால் அடித்து உடைத்தாள். கொழுந்தன் அப்போது பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அண்ணி, இரும்புக்கடை ஆளு மத்தியானமே வர்றானாம்," என்றான் இப்போது. "அதுக்கு முன்னாடி நான் பெட்டியைக் கழட்டி எடுத்துடறேன். வீட்டுல வெச்சுக்கலாம். அம்மா எப்ப வேணும்னாலும் கேட்டுக்கட்டும். காத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார வேணாம்ல?"

அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு முடியட்டும். பேட்டரி தாங்குதான்னு பார்த்துட்டுக் கழட்டு."

"தாங்கும் அண்ணி. சூப்பர்வைசர் சத்தியமே பண்ணிட்டாரு."

"அவர் பண்ணாத சத்தியமா? கழட்டாத."

"சரி," என்றான்.

அந்த 'சரி'யை அவள் நம்பினாள். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிதான் 'சரி' சொல்வார்கள்.

*

புருஷன் செத்ததற்கு அவளுக்குக் கிடைத்த வேலை கண்ட்ரோல் ரூமில். நாற்காலி, திரைகள், பொத்தான்கள். முதல் மாதம் எந்தப் பொத்தான் எதற்கென்று எழுதிவைத்துக்கொண்டாள். இப்போது ஊரின் நாடியைப் பார்ப்பவள் அவள்தான். எந்தத் தெரு எப்போது எழுகிறது, எப்போது சமைக்கிறது என்பது அவளுக்கு வெறும் கோடாகத் தெரியும்.

"பார்த்தியாம்மா!" சூப்பர்வைசர் டீ கிளாஸோடு சுற்றிச்சுற்றி வந்தார். "ஒரு சத்தம் கேக்குதா? காத்தாடி ஒண்ணு சுத்தல, வெயில் ஒரு பொட்டு இல்ல, ஊரு பாட்டுக்கு ஓடுது!"

அவர் சொன்னது நிஜம். கொட்டகை அன்று அப்படி அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள் என்பதே மனதில் ஓடியது.

மத்தியானம் பேட்டரி பாதிக்கு வந்தது. அதற்குள் மேற்கே காற்று கிளம்பிவிடும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கிளம்பவில்லை. மேகம் இன்னும் தடித்தது. பகலிலேயே வீடுகளில் விளக்கைப் போட்டார்கள், குளிருக்கு ஹீட்டரைப் போட்டார்கள். பேட்டரிக் கோடு சறுக்க ஆரம்பித்தது.

"சார், கால் பங்குக்கும் கீழ போகுது."

"வரும்மா, காத்து வரும்."

"வரல சார்."

சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்தார். "சரி, சரி. ரெண்டாம் நம்பரை எடு. முதல்ல அது, அப்புறம் மத்ததெல்லாம்."

அவள் எச்சரிக்கைப் பொத்தானை அமுக்கினாள்.

குரல் வரவில்லை.

மறுபடி அமுக்கினாள். ஒன்றுமில்லை. பின்னால் திரும்பினாள். கொழுந்தன் கதவோரம் நின்றிருந்தான். தோளில் பை. பை உப்பியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அடப்பாவி."

"இரும்புக்கடைக்காரன் லாரியோட வந்துட்டான் அண்ணி. விட்டிருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பான்..."

"குரல் இல்லாட்டி என்ன?" சூப்பர்வைசர் கத்தினார். "கொட்டகையில யாரு இருக்கா? எல்லாரும் பேட்டரிப் பக்கம் வேடிக்கை பார்க்கறாங்க. எடும்மா! பேட்டரி அறுத்துக்கிட்டா ஊரே போயிடும்!"

ஸ்டார்ட் கொடுத்தாள். திரையில் எஞ்சின், சுற்றத் தேவையான அழுத்தக் காற்றை நிரப்பிக்கொண்டது. பழக்கத்தில் கண் கேமராத் திரைக்குப் போனது. பெரியவன் விழுந்த இடத்தை அவள் தினமும் ஒருமுறை பார்ப்பாள்.

அந்த இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நொடி, பெரியவன்தான் என்று நினைத்தாள். பிறகு சால்வை தெரிந்தது.

மாமியார். ஒரு கையை எஞ்சின் விலாவில் வைத்து, முகத்தை மேலே ஒலிபெருக்கிக்குத் தூக்கி நின்றாள். காற்று விழுந்து இவ்வளவு நேரமாகியும் பிள்ளை கூப்பிடவில்லையே என்று பார்க்க வந்திருக்கிறாள். வாட்ச்மேன் எப்படித் தடுப்பான்? பெரியவன் அம்மா ஆயிற்றே.

அவள் சால்வை முனைக்குப் பக்கத்தில் எஞ்சினின் பெரிய சக்கரம். அதன்மேல் இருக்க வேண்டிய கம்பிக்கூண்டு தரையில் கிடந்தது.

"நான்தான் கழட்டினேன்," என்றான் கொழுந்தன். "கிரீஸ் வைக்க... இன்னைக்கு ஓடாதுன்னுதானே..."

சொல்லிக்கொண்டே படிக்கட்டில் ஓடினான்.

மருமகள் இடது கையால் ஹோல்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். அது அமுங்கியிருக்கும்வரை எஞ்சின் சுற்றாது. வலது கையால் மைக்கை இழுத்தாள்.

"எஞ்சின் ஓடப்போகுது! அத்தை, தள்ளி நில்லுங்க! தள்ளி நில்லுங்க!"

அவள் குரல் கொட்டகை முழுக்க இடித்தது. திரையில் மாமியார் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்கு வேண்டிய குரல் அது இல்லை. எஞ்சினை இன்னும் நெருங்கி நின்றாள்.

"கையை எடும்மா!" என்றார் சூப்பர்வைசர். "பேட்டரி போகுது!"

"எடுக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? ஊரு அணையும்!"

"ஏதாவது ஒரு தெருவை வெட்டுங்க. கொஞ்சம் தாங்கும்."

"எந்தத் தெருவை வெட்டறது? கடைத்தெருவை வெட்டினா நாளைக்கு என் தலையை வெட்டுவானுங்க!"

"மேட்டுத்தெருவை வெட்டுங்க."

"அங்க கிளினிக் இருக்கேம்மா!"

"இருக்கட்டும்."

அவர் தயங்கினார். அவள் தயங்கவில்லை. மைக்கை விட்டுவிட்டுத் தானே கையை நீட்டி வெட்டினாள். திரையில் ஒரு கோடு அப்படியே படுத்தது.

கோடு படுத்தபோது அவள் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், அவளால் நேராகப் பதில் சொல்ல முடியாது.

கொழுந்தன் கொட்டகைக்குள் பாய்ந்தான். அம்மாவை இடுப்பில் பிடித்து இழுத்தான். அவள் எஞ்சினைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் அடித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே ஓட முடிந்தது. கதவு மூடியதும் மருமகள் விரலை எடுத்தாள்.

எஞ்சின் உறுமியது. பெரியவன் கூப்பிடாமல் அது எழுந்தது அன்றுதான்.

*

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் நடந்தே வந்தார்கள். அம்மா பைக்கில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

மேட்டுத்தெருவில் வெளிச்சம் திரும்பியிருந்தது. கிளினிக் வாசலில் கூட்டம். யாரோ ஒருத்தி தரையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் கையில் டார்ச்சோடு படியில் நின்றிருந்தார். அதை அணைக்க மறந்திருந்தார். மருமகளைப் பார்த்தார். அவள் பார்க்காமல் நடந்தாள். அன்று துப்பவில்லை.

"என்னவாம் தம்பி?" என்றாள், தெரு தாண்டியபிறகு.

"யாருக்கோ தையல் போட்டுக்கிட்டிருக்கும்போது கரண்ட் போயிடுச்சாம். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருக்காங்க."

அவள் நடையை வேகமாக்கினாள்.

வீட்டில் கொழுந்தன் பையைத் திறந்தான். குரல் பெட்டி ஒரு செங்கல் அளவுதான். பைக் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைச் சேர்த்து, ஒயரைப் பல்லால் உரித்து முறுக்கினான்.

"அம்மா. கொஞ்சம் இப்படி வா."

அவள் வரவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். தூரத்தில் கொட்டகை உறுமிக்கொண்டிருந்தது.

"பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டு இப்ப வான்னு கூப்பிடறான்," என்றாள் சுவரைப் பார்த்து.

"அவனைத்தாம்மா கொண்டாந்திருக்கேன்."

நாற்காலியை அவளோடு சேர்த்து மேஜைக்கு இழுத்தான். பொத்தானை அமுக்கினான்.

"எஞ்சின் ஓடப்போகுது. தள்ளி நில்லுங்க."

அந்தச் சின்ன அறைக்குள், அவ்வளவு பக்கத்தில் அவன் பேசி யாரும் ஒரு வருஷமாகக் கேட்டதில்லை. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க. தள்ளி நில்லுப்பா!"

"நிக்கறேன்டா, நிக்கறேன்," என்று அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

கொட்டகையில் என்றால் இந்த இடத்தில் எஞ்சின் உறுமிவிடும். அதற்குப் பிறகு காது இருந்தும் பிரயோஜனமில்லை. வீட்டில் எஞ்சின் இல்லை. பெட்டியின் பச்சை விளக்கு அணையவும் இல்லை.

கொழுந்தன் அணைக்கக் கை நீட்டினான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள். "இருடா. மூச்சு கேக்குது."

பெட்டிக்குள் பெரியவன் இருமினான். நீளமான இருமல்.

"போதுமாடா? நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேண்ணே." அது கொழுந்தனின் குரல்.

"உங்கண்ணி கேட்டா கிளினிக் போயிட்டு வந்தோம்னு சொல்லு. வாயுதான்னு டாக்டர் சொன்னார்னு சொல்லு. சரியா?"

"சரிண்ணே. ஆனா ஒருநாள் நெஜமாவே போயிடணும்ணே."

"போனா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவாங்கடா. இந்த வாரம் பூரா காத்து இல்ல, கொட்டகையை யாரு பார்க்கறது? காத்து திரும்பட்டும். போகலாம்."

மறுபடி இருமல். பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம். பச்சை விளக்கு அணைந்தது.

கொழுந்தன் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிளினிக் கண்ணாடி உடைந்த அன்றும் அவன் இப்படித்தான் தலையைத் தொங்கப்போட்டு நின்றான் என்று மருமகளுக்கு ஞாபகம் வந்தது. பிறகு டார்ச்சோடு படியில் நின்ற மனிதரும் ஞாபகம் வந்தார். தரையில் உட்கார்ந்து விசும்பியவளும்.

"அண்ணி..." என்றான்.

"இன்னொரு தடவை போடுடா," என்றாள் அம்மா. அவளுக்குப் பேச்சு காதில் ஏறவில்லை. குரல் மட்டும்தான் ஏறியது.

அவன் கை எழவில்லை.

"அத்தை கேக்கறாங்கல்ல? போடு," என்றாள் மருமகள்.

அவன் அசையவில்லை. அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் தானே பொத்தானை அமுக்கினாள்.

"எஞ்சின் ஓடப்போகுது," என்றான் பெரியவன். "தள்ளி நில்லுங்க."

அம்மா சிரித்துக்கொண்டே நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

மருமகள் நகரவில்லை.